நெல்லையில் ஒரு கட்டடம் தீப்பிடித்தால்: 101-ஐ அழைப்பது முதல் கடைசிக் கங்கு அணைவது வரை

தீயணைப்புத் துறையில் 29 ஆண்டுகள் வேலை பார்த்து, முன்னணி தீயணைப்போராக ஓய்வு பெற்றவன் நான். அதில் பெரும்பகுதி இந்த நெல்லைச் சீமையில்தான். கல்யாண வீட்டிலோ டீக்கடையிலோ தெரிந்தவர்களைப் பார்த்தால் இன்றைக்கும் ஒரே கேள்விதான்: "ஏன் அண்ணாச்சி, எரிஞ்சு முடிஞ்ச பிறகுதான் வண்டி வருது?" நியாயமான கேள்வி. வண்டி வரும் வரை அந்தத் தெருவில் என்ன நடந்தது என்பதில்தான் அதற்குப் பாதிப் பதில் இருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியதையும் நாங்கள் செய்வதையும் தீ போகும் வரிசையிலேயே எழுதுகிறேன். இரண்டும் தெரிந்தால்தான் ஒன்றுக்கொன்று உதவும்.

முதல் நிமிடம்: ஆட்கள் வெளியே

புகையோ தீயோ கண்ணில் பட்டதும் சத்தம் போடுங்கள். "தீ, தீ" என்று கத்திக்கொண்டே பக்கத்துக் கதவுகளைத் தட்டுங்கள். எங்கே எரிகிறது, எவ்வளவு எரிகிறது என்று தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லலாம் என்று நினைக்காதீர்கள். அந்த நேரத்தில்தான் தூங்கிக்கொண்டிருப்பவர்களுக்குப் புகை மூட்டிவிடும்.

தீயில் செத்தவர்கள் என்று பேப்பரில் வருகிறவர்களில் பெரும்பாலோர் உடல் எரிவதற்கு முன்பே புகையில் மூச்சுத் திணறிப் போனவர்கள்தான். புகையோடு சேர்ந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ரப்பர் மெத்தை, சோபா, பிளாஸ்டிக் நாற்காலி எரியும் புகையில் வேறு நச்சுகளும் உண்டு. புகை முதலில் மேலே ஏறிக் கூரையை அடைத்துவிட்டுத்தான் கீழே இறங்கும். அதனால் தரையை ஒட்டி ஒன்றிரண்டு அடிக்குக் கொஞ்ச நேரம் நல்ல காற்று இருக்கும். குனிந்து போனால் போதாது, தவழ்ந்து போங்கள். ஒரு கை சுவரைத் தொட்டபடி இருக்கட்டும். சொந்த வீடாக இருந்தாலும் புகைக்குள் வாசல் எந்தப் பக்கம் என்று தெரியாது.

வெளியே வரும்போது கதவைச் சாத்திவிட்டு வாருங்கள். பூட்ட வேண்டாம், சாத்தினால் போதும். திறந்து கிடக்கும் கதவு தீக்குக் காற்றும் கொடுக்கும், அடுத்த அறைக்கு வழியும் கொடுக்கும்.

மாடியில் மாட்டிக்கொண்டீர்கள், படிக்கட்டு முழுக்கப் புகை என்றால் இறங்க முயல வேண்டாம். தெருவைப் பார்த்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, அடியில் இருக்கும் இடுக்கை ஈரத்துணியால் அடைத்துவிட்டு, ஜன்னலில் நின்று கை காட்டுங்கள். துண்டு இருந்தால் அதை ஆட்டுங்கள். தட்டட்டிக் (மொட்டை மாடிக்) கதவு திறந்திருந்து, படியில் புகை இல்லாமலும் இருந்தால் மேலே போகலாம். ஆனால் எத்தனை வீட்டில் தட்டட்டிச் சாவி கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது? திருடனுக்குப் பயந்து பால்கனி முழுக்கக் கம்பி அடித்து, மேலேயும் பூட்டுப் போட்டு வைத்திருக்கிறோம். கம்பியில் ஒரு ஜன்னல் அளவுக்காவது திறக்கிற மாதிரி வைத்து, அதன் சாவியையும் அங்கேயே மாட்டி வையுங்கள்.

வெளியே வந்த எல்லாரும் ஒரே இடத்தில் நின்று ஆளை எண்ணுங்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஒரு தடவை ஒரு வளவில் தீ. ஆறு வீடு, ஒரே வாசல். நாங்கள் போய் இறங்கியதும் ஒரு பெண் அழுதுகொண்டே, "ஆச்சி உள்ளதான் இருக்கா சார்!" என்று ஓடி வந்தார். எங்களில் இரண்டு பேர் மூச்சுக் கருவியை மாட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். பட்டாசல் (கூடம்), அடுக்களை, கட்டிலுக்கு அடி எல்லாம் தடவிப் பார்த்தார்கள். ஆளைக் காணோம். கால் மணி நேரம் கழித்துத் தெரிந்தது, ஆச்சி முதலிலேயே வெளியே வந்து அடுத்த தெருத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பெண்ணின் மேல் ஒரு குற்றமும் இல்லை, பதற்றத்தில் யாருக்கும் அப்படித்தான் வரும். ஆனால் உள்ளே போன இருவரும் தலைக்கு மேல் ஓடு வெடித்து விழ விழத் தேடினார்கள். இது நேர்மாறாகவும் நடக்கலாம். எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று நினைத்திருக்க, ஒருவர் உள்ளே கிடக்கலாம்.

101: என்ன சொல்ல வேண்டும்

101 தீயணைப்பு நிலையத்துக்கு. 112-ஐ அழைத்தாலும் சொல்லலாம். காயம் பட்டவர் இருந்தால் 108. தீயணைக்க வரும் வண்டிக்குக் காசு கிடையாது. சின்னத் தீ என்று தயங்கவும் வேண்டாம். பாதி வழியில் "அணைஞ்சிட்டு, வர வேண்டாம்" என்று தகவல் வந்தால் எங்களுக்குச் சந்தோஷம்தான்.

ஊரின் பெயரிலிருந்து தொடங்குங்கள். "கீழ ரத வீதியில தீ" என்று மட்டும் சொன்னால் போதாது, ரத வீதி இல்லாத ஊர் தமிழ்நாட்டில் எங்கே இருக்கிறது? திருநெல்வேலி டவுன், பாளையங்கோட்டை, மேலப்பாளையம், தச்சநல்லூர் என்று பகுதியைச் சொல்லி, அப்புறம் தெரு, அப்புறம் எல்லாருக்கும் தெரிந்த ஓர் அடையாளம். வாகையடி முக்கு, நயினார்குளம் மார்க்கெட், தெற்கு பஜார் என்கிற மாதிரி. பாளையங்கோட்டையும் மேலப்பாளையமும் பதற்றத்தில் போனில் ஒன்று போலவே கேட்கும், நிறுத்திச் சொல்லுங்கள்.

அடுத்தது என்ன எரிகிறது என்பது. வீடா, ஜவுளிக் கடையா, கோரைப் பாய் குடோனா, பெயின்ட் கடையா? எத்தனை மாடி, எந்த மாடியில் தீ, உள்ளே ஆள் உண்டா? இதை வைத்துத்தான் ஒரு வண்டி போதுமா, பக்கத்து நிலையத்திலிருந்தும் வரவழைக்க வேண்டுமா என்று முடிவு செய்வார்கள். கடைசியாக, எந்தப் பக்கமிருந்து வந்தால் வண்டி நுழையும் என்று சொல்லுங்கள். அவர்கள் வைக்கும் வரை நீங்கள் போனை வைக்க வேண்டாம். அதே எண்ணுக்குத் திரும்பக் கூப்பிட்டு உறுதி செய்துகொள்வார்கள், அதனால் போனை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள் பகுதி நிலையத்தின் நேரடி எண்ணையும் செல்போனில் பதிந்து வையுங்கள். டவுன் பக்கம் இருப்பவர்களுக்குப் பேட்டை நிலையம், தாமிரபரணி ஆற்றுக்குக் கிழக்கே இருப்பவர்களுக்குப் பாளையங்கோட்டை நிலையம். பாளையிலிருந்து டவுனுக்கு வர வேண்டும் என்றால் வண்ணார்பேட்டை, சுலோசன முதலியார் பாலம், ஜங்ஷன், ஈரடுக்கு மேம்பாலம் எல்லாம் தாண்ட வேண்டும். சாயங்காலம் அந்த வழியில் பைக்கில் போனவர்களுக்கே தெரியும்.

மெயின், இன்வெர்ட்டர், சிலிண்டர்

மெயின் சுவிட்சுக்குப் போகும் வழியில் தீ இல்லையென்றால் மட்டும் அதை அணையுங்கள். மெயினை அணைத்துவிட்டால் கரண்ட் போய்விட்டது என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் மெயின் போன பிறகும் வயரில் கரண்ட் ஓடும். மேலே சோலார் தகடு இருந்தால், வெயில் அடிக்கிற வரை தகட்டிலிருந்து இறங்கும் வயரில் மின்சாரம் இருக்கும். இந்த இரண்டில் எது இருந்தாலும் வண்டி வந்ததும் முதல் வேலையாக எங்களிடம் சொல்லுங்கள். வெளியே கம்பத்தில் இணைப்பைத் துண்டிக்க மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லலாம். நீங்களாகக் கம்பத்தில் கை வைக்க வேண்டாம்.

சிலிண்டர் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். வீட்டுச் சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ எரிவாயு. அது காற்றை விடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு பரவிப் பள்ளமான இடத்தில் தேங்கும். தீப்பிடிக்காமல் வாடை மட்டும் வந்தால் எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906-க்குச் சொல்லுங்கள்.

சிலிண்டர் வாயில் தீ எரிந்துகொண்டிருந்தால் அது உடனே வெடித்துவிடாது. ரெகுலேட்டரைக் கை நெருங்க முடிந்தால் மூடுங்கள். முடியாவிட்டால், நன்றாக நனைத்த சணல் சாக்கை முன்னால் விரித்துப் பிடித்தபடி போய், வாயை மூடி அழுத்தி, தீ அணைந்ததும் உடனே ரெகுலேட்டரைத் திருகி மூட வேண்டும். பள்ளிக்கூடத்தில் நாங்கள் செய்து காட்டுவது இதுதான். பழகாதவர்கள் முயல வேண்டாம். அணைத்துவிட்டு மூட முடியாமல் போனால் வாயு அறை முழுக்க நிரம்பும், அது முந்தையதை விட மோசம்.

உண்மையாகப் பயப்பட வேண்டியது, வேறு எங்கோ பிடித்த தீ சிலிண்டரின் உடம்பைச் சுட்டுக்கொண்டிருப்பது. உள்ளே திரவம் கொதிக்கும், அழுத்தம் ஏறும், தகடு பலம் இழந்து கிழியும். அப்படி ஒரு சிலிண்டர் உள்ளே இருந்தால் ஒருவரும் அருகே நிற்கக் கூடாது. நாங்கள் தூரத்திலிருந்து முதல் தண்ணீரை அதன்மேல்தான் பாய்ச்சுவோம். "வீடு அங்க எரியுது, இவங்க இங்க ஊத்துதாங்க" என்று கூட்டத்தில் சத்தம் வரும். சிலிண்டர் வெடித்தால் வீட்டோடு தெருவும் போகும் என்பதால்தான் அது.

நாமே அணைத்துப் பார்க்கலாமா?

பார்க்கலாம். ஒரு குப்பைக்கூடை அளவு தீ, உங்கள் முதுகுக்குப் பின்னால் வாசல், வேறொருவர் 101-ஐ அழைத்தாயிற்று. இந்த மூன்றும் இருந்தால் முயலுங்கள். தீ உங்கள் உயரத்துக்கு வந்துவிட்டால் விட்டுவிட்டு வெளியேறுங்கள்.

துணி, பாய், ஓலை, மரம், காகிதம் என்றால் தண்ணீர். எண்ணெயில் பிடித்தால் தண்ணீர் கூடவே கூடாது. தண்ணீர் எண்ணெயை விடக் கனம், அடியில் போய் உடனே ஆவியாகும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 1,700 லிட்டர் அளவுக்கு விரியும். அந்த விரிவு எரியும் எண்ணெயை அள்ளி வீசும். அல்வா, இனிப்பு விற்கும் நம் ஊர் லாலா கடைகளின் பட்டறையில் இருக்கும் பெரிய சட்டிகளை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு சட்டிக்கும் அதை மூடுகிற அளவில் ஒரு தகரத் தட்டு சுவரில் சாய்ந்திருக்க வேண்டும். பிடித்ததும் அடுப்பை அணைத்து, தட்டைப் பக்கவாட்டிலிருந்து தள்ளி மூடிவிட்டு, ஆறும் வரை திறக்கக் கூடாது. எரிகிற சட்டியைத் தூக்கி வெளியே கொண்டுபோகப் பார்ப்பவர்தான் பெரும்பாலும் வெந்து போகிறார்.

கடையில் மாட்டியிருக்கும் சிவப்புத் தீயணைப்பு சிலிண்டரை எப்படி இயக்குவது என்பதைக் கடைப் பையன்கள் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள். பின்னைப் பிடுங்கி, குழாயைத் தீயின் அடிப்பகுதிக்கு நேராகப் பிடித்து, கைப்பிடியை அழுத்தி, இடமும் வலமும் வீச வேண்டும். கொழுந்தின் மேல் அடித்தால் பவுடர் வீண். சாதாரணக் கடை சிலிண்டர் அரை நிமிடம் கூட வராது, அதற்குள் அணையவில்லை என்றால் வெளியேறும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். அதன் முள் பச்சையில் நிற்கிறதா என்று மாதம் ஒரு தடவை பாருங்கள். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். 1944-இல் அதே ஏப்ரல் 14-இல் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்து, தீயணைக்கப் போனவர்கள் பலர் மாண்டதன் நினைவு அது. அந்த வாரத்தில் எங்கள் நிலையங்களில் கேட்டால் உங்கள் தெருவுக்கே வந்து செய்து காட்டுவார்கள்.

உடுத்த துணியில் பிடித்தால் ஓடக் கூடாது, அப்படியே தரையில் விழுந்து உருள வேண்டும். அருகில் இருப்பவர் ஜமுக்காளத்தையோ கனத்த பருத்திப் போர்வையையோ சுற்றலாம். அணைந்ததும் புண்ணில் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் மெல்ல ஓடவிடுங்கள். பேஸ்ட், மை, மாவு எதுவும் தடவாமல் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

ஷட்டர் போட்ட கடைக்குள் புகை கசிகிறது என்றால் ஷட்டரைத் தூக்காதீர்கள். புறங்கையை அருகே கொண்டு போய்ப் பாருங்கள், வெக்கை அடித்தால் உள்ளே தீ காற்றுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. தூக்கியதும் காற்று உள்ளே பாய, மொத்தமும் ஒரே வீச்சில் வெளியே வரும். தண்ணீர்க் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் குனிந்து நின்றுதான் நாங்களே திறப்போம்.

முக்கில் ஒரு ஆள் நிற்க வேண்டும்

தீ நடக்கும் இடத்தில் எனக்கு மிகவும் உதவியவர் யார் என்று கேட்டால், குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியவரைச் சொல்ல மாட்டேன். தெருமுக்கில் நின்று வண்டியைக் கை காட்டித் திருப்பிவிட்டு, கூடவே ஓடி வந்து நான்கு கேள்விக்குப் பதில் சொன்னவரைத்தான் சொல்வேன். உள்ளே ஆள் உண்டா? எங்கே பிடித்தது? சிலிண்டர், டீசல், பட்டாசு மாதிரி ஏதாவது இருக்கிறதா? மெயின் எங்கே, அணைத்தாயிற்றா? இவ்வளவுதான். இந்தப் பதிலைத் தேடி நாங்களே அலைந்தால் மூன்று நான்கு நிமிடம் போய்விடும். ஓர் அறையில் பிடித்த தீ, கூரை அடியில் 600 டிகிரி அளவுக்கு வெக்கை சேர்த்துக்கொண்டு அறை முழுவதையும் ஒரே நேரத்தில் பற்றவைக்க அதே அளவு நேரம் போதும்.

முக்கில் நிற்பவர் இன்னொன்றும் செய்ய வேண்டும், வழியைத் திறப்பது. டவுனில் நான்கு ரத வீதிகளும் தேர் ஓடுவதற்கென்றே அகலமாகப் போட்டவை. நெல்லையப்பர் தேர் திரும்புகிற முக்கில் தீயணைப்பு வண்டி திரும்பாதா? தாராளமாகத் திரும்பும். சிக்கல் அந்த வீதிகளுக்குப் பின்னால் கிடக்கும் முடுக்குகளில், அதாவது குறுகிய சந்துகளில். அங்கே வண்டி நுழையாது, அது எங்களுக்கும் தெரியும். வாயில் வண்டியை நிறுத்திவிட்டு, ஒன்றோடு ஒன்றாகக் குழாயை மாட்டிக்கொண்டே ஓடுவோம். ஆனால் வாயிலிலேயே வண்டி நிற்க இடம் வேண்டுமே.

ஒரு பாய் குடோனில் பிடித்த தீ எனக்கு மறக்காது. தீபாவளிக்கு முந்தின வாரம். முடுக்கு வாயில் இரண்டு பக்கமும் பைக்குகள், நடுவே ஒரு தள்ளுவண்டிக் கடை. நாங்கள் அறுபது எழுபது அடி முன்னாலேயே நிறுத்த வேண்டி வந்தது. பைக்குகளின் இடுக்கில் குழாயை இழுத்தபோது ஒரு ஸ்டாண்டில் மாட்டி மடங்கிக்கொண்டது. மடங்கினால் அந்தப் பக்கம் தண்ணீர் வராது. அதைப் பிரித்து நேராக்கி, தண்ணீர் விடுவதற்குள் தீ அடுத்த கட்டடத்தின் மரச் சட்டத்துக்குத் தாவிவிட்டது. அந்தப் பைக்குகளின் சொந்தக்காரர்கள் எல்லாரும் அங்கேதான் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கெட்டவர்கள் இல்லை, ஒருவர் "எல்லாரும் அவங்கவங்க வண்டிய எடுங்கப்பா" என்று சொல்லியிருந்தால் எடுத்திருப்பார்கள். சொல்ல ஆளில்லை.

அதனால் கடை வீதியில் இருப்பவர்கள் இன்றைக்கே பேசி வைத்துக்கொள்ளுங்கள், தீ என்றால் முக்குக்கு ஓடுவது யார், வண்டிகளை எடுக்கச் சொல்வது யார் என்று. தாழத் தொங்கும் கேபிள் வயர், பிளக்ஸ் வளைவு, ரோட்டுக்கு இறங்கிய தகரப் பந்தல் எல்லாவற்றையும் ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள்.

வண்டி வந்ததும் என்ன நடக்கிறது

இறங்கியதும் நிலைய அலுவலர் கட்டடத்தைச் சுற்றி ஒரு நோட்டம் பார்ப்பார். அவர் கையில் குழாய் இல்லாமல் நடப்பதைப் பார்த்துக் கோபப்படாதீர்கள். புகையின் நிறம், எந்தப் பக்கம் தள்ளுகிறது, காற்று எங்கிருந்து வருகிறது, எந்தச் சுவரில் விரிசல் விட்டிருக்கிறது என்பதையெல்லாம் பார்த்துத்தான் ஆட்களை எங்கே அனுப்புவது என்று முடிவெடுப்பார். ஆனி, ஆடியில் கணவாய் வழியாக மேலைக்காற்று நம் ஊரில் எப்படி வீசும் என்று தெரியுமே. அந்த மாதங்களில் எரியும் கட்டடத்துக்கு ஆள் போகும் முன்பே கிழக்குப் பக்கத்து ஓலைக் கூரைகளை நனைக்க ஒரு குழாய் போகும். கங்கு பறந்து விழுவது அங்கேதான்.

வரிசை எப்போதும் ஒன்றுதான். முதலில் உயிர். அப்புறம் தீ பரவாமல் அணை கட்டுவது. அப்புறம்தான் எரிவதை அணைப்பது. முழுக்கப் பற்றிய ஒரு கடையை விட்டுவிட்டு இருபுறத்துக் கடைகளில் தண்ணீர் அடித்தால், அந்தக் கடைக்காரர் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுவார். பார்க்க முடியாது. ஆனாலும் அதுதான் சரி.

தண்ணீர்க் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் வண்டிகளில் சுமார் 4,500 லிட்டர் இருக்கும். ஒரு குழாயில் நிமிடத்துக்கு 300 லிட்டர் போனால் கால் மணி நேரம் வரும். இரண்டு குழாய் போட்டால் ஏழெட்டு நிமிடம். "தண்ணி இல்லாத வண்டிய கொண்டு வந்துட்டாங்க" என்று ஊரில் பேசுவது இந்தக் கணக்கு தெரியாததால்தான். எட்டாவது நிமிடத்துக்கு எங்கிருந்து தண்ணீர் என்பதை முதல் நிமிடத்திலேயே யோசிக்க வேண்டும். குளம், கால்வாய், கிணறு இருந்தால் உறிஞ்சு குழாயை இறக்கிப் பம்பு போடலாம். தண்ணீர் மட்டம் ஏழு மீட்டருக்குக் கீழே இருந்தால் பம்பு இழுக்காது. டவுனில் நெல்லைக் கால்வாய், பாளையில் பாளையங்கால்வாய். ஆனால் கோடையில் இரண்டையும் நம்ப முடியாது. பக்கத்தில் யாரிடம் தண்ணீர் லாரி இருக்கிறது, எந்தக் கல்யாண மண்டபத்தில் பெரிய தரைத்தொட்டி இருக்கிறது என்று தெரிந்த ஒருவர் வந்து சொன்னால், அது இன்னொரு வண்டி வந்ததற்குச் சமம்.

உள்ளே போகிறவர்கள் இரண்டு இரண்டு பேராகத்தான் போவார்கள். முதுகில் இருக்கும் சிலிண்டரில் அரை மணி நேரக் காற்று என்று கணக்கு, படியேறி ஆளைத் தூக்கினால் அதற்கு முன்பே தீரும். காற்று குறைந்ததும் விசில் ஊதும். அது கேட்டால் தேடுவதைப் பாதியில் விட்டுத் திரும்பித்தான் ஆக வேண்டும். வெளியே நிற்கும் நீங்கள் அவர்களை மறுபடி உள்ளே தள்ளாதீர்கள், அடுத்த இருவர் போவார்கள்.

மேல்மாடிக் கண்ணாடியை நாங்கள் உடைப்பதைப் பார்த்தால் அது ஆத்திரத்தில் இல்லை. புகையும் வெக்கையும் மேலே போக ஒரு வாய் வேண்டும், அப்போதுதான் கீழே போகிறவர்களுக்குக் கண் தெரியும். 2017 மே 31-இல் சென்னை தியாகராய நகரில் ஒரு பெரிய ஜவுளிக் கடை எரிந்தது நினைவிருக்கும். நாற்புறமும் அடைத்த கட்டடம், உள்ளே முழுக்கத் துணி. மறுநாளும் எரிந்து, ஒரு பகுதி இடிந்தே விழுந்தது. நம் ஊரிலும் முகப்பு முழுக்கத் தகட்டையும் கண்ணாடியையும் வைத்து மூடிய கடைகள் பெருகிவிட்டன. தெருப்பக்கம் மாடிக்கொரு திறக்கிற ஜன்னலாவது விடுங்கள்.

கூட்டத்துக்கு ஒரு வேண்டுகோள். குழாயின் மேல் வண்டி ஏற்றாதீர்கள். கட்டடத்தின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி நில்லுங்கள்.

நம் ஊர்க் கட்டடம் எப்படி விழும்

டவுனிலும் பாளையிலும் பழைய கட்டடங்கள் மட்டப்பா போட்டவை. தேக்கு உத்திரம், அதன்மேல் மரக் கட்டைகள், அதன்மேல் செங்கலும் சுண்ணாம்பும். தேக்கு மெதுவாகத்தான் கருகும், ஆனால் கருகித் தேய்ந்த பிறகு மேலே இருக்கும் அத்தனை பாரத்தையும் ஒரே நேரத்தில் கீழே விடும். தகர ஷெட்டில் இரும்புச் சட்டம் எரியாது என்று தைரியமாக நிற்பார்கள். 550 டிகிரி வாக்கில் இரும்பு பாதிப் பலத்தை இழந்து வளையும், இழுத்துப் பிடித்திருக்கும் சுவரையும் சாய்த்துவிடும்.

பலர் யோசிக்காத ஒன்று தண்ணீரின் எடை. ஆயிரம் லிட்டர் என்றால் ஒரு டன். நாங்கள் ஊற்றுவதைத் துணிக் கட்டும் கோரைப் பாய்க் கட்டும் குடித்துக்கொண்டு மாடியிலேயே உட்கார்ந்திருக்கும். ஏற்கெனவே வெந்த தளம் அதைத் தாங்காது. 2020-இல் தீபாவளி நாளன்று மதுரையில் பழைய கட்டடத்து ஜவுளிக் கடை ஒன்றில் தீயணைக்கப் போனபோது சுவர் இடிந்து எங்கள் ஆட்கள் இருவர் இறந்தார்கள். அந்தச் செய்தி வந்த அன்று நிலையத்தில் யாரும் சாப்பிடவில்லை. பழைய கட்டடத்தில் மேல்மாடியைக் குடோனாக வைத்திருப்பவர்கள் தயவு செய்து கீழே இறக்குங்கள். இறக்க இடமில்லை என்றால் தீ அன்றைக்காவது "மேலே சரக்கு நிறைய இருக்கு" என்று முதலில் சொல்லிவிடுங்கள்.

ஓலைக்கும் ஒரு வார்த்தை. 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் கல்யாண மண்டபத்து ஓலைப் பந்தல், அதே ஆண்டு ஜூலை 16-இல் கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்து ஓலைக் கூரை. கும்பகோணத்தில் மட்டும் 94 பிள்ளைகள். ஓலையில் பிடித்தால் எந்த நிலையத்து வண்டியும் நேரத்துக்குப் போய்ச் சேராது. மொட்டை மாடியில் ஓலைக் கொட்டகை போட்டு அதில் டியூஷன் நடத்துவதோ சமையல் செய்வதோ வேண்டவே வேண்டாம்.

அணைந்த பிறகு

கொழுந்து அடங்கியதும் கூட்டம் கலையும். எங்கள் வேலையில் பாதி அப்போதுதான் தொடங்கும். கம்பியாலும் மண்வெட்டியாலும் எல்லாவற்றையும் கிளறி, ஒவ்வொரு கட்டையும் பிரித்து, உள்ளே கனன்றுகொண்டிருக்கும் கங்கைத் தேடி நனைக்க வேண்டும். சுவர் இடுக்கு, பரண், ஓட்டுக்கு அடியில் கிடக்கும் சட்டம் எல்லாம் பார்க்க வேண்டும். நல்ல நிலையில் இருக்கும் சரக்கையும் இழுத்துப் போட்டுப் பிரிக்கிறோமே என்று கடைக்காரருக்கு வேதனையாக இருக்கும். எதைப் பிரிக்கலாம், எதைத் தார்ப்பாய் போட்டு மூடலாம் என்று கூட நின்று சொல்லுங்கள், முடிந்ததைக் காப்பாற்றித் தருவோம். பேட்டரி ஸ்கூட்டர் எரிந்திருந்தால் அதை மற்றவற்றோடு சேர்த்து வைக்காமல் வெட்டவெளிக்குத் தள்ளி வையுங்கள், அந்த பேட்டரி பல மணி நேரம் கழித்தும் திரும்பப் பிடிக்கும்.

இன்சூரன்சுக்கும் மற்ற நிவாரணத்துக்கும் எங்கள் துறையின் தீ அறிக்கை வேண்டியிருக்கும். வந்த நிலையத்தின் பெயரையும் அழைத்த நேரத்தையும் குறித்து வைத்துக்கொண்டு அங்கே விண்ணப்பியுங்கள். காவல் நிலையத்திலும் புகார் பதிந்துகொள்ளுங்கள். எதையும் அப்புறப்படுத்தும் முன் எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள். மின்வாரிய ஆள் வந்து சோதிக்காமல் மெயினைப் போடாதீர்கள். பீரோவில் இருக்கும் பத்திரத்தை எடுக்க ராத்திரி டார்ச் லைட்டோடு உள்ளே போகவே வேண்டாம், சுவர் ஆறும்போதுதான் விரிசல் விடும். விடிந்து, சுவரைப் பார்க்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

வண்டி கிளம்பிப் போன பிறகு அந்த ராத்திரி இரண்டு பேர் விழித்திருக்க வேண்டும். இரண்டு குடம் தண்ணீரும் ஒரு டார்ச்சும் போதும். தெருவில் தள்ளி உட்கார்ந்து, அரை மணிக்கொரு தடவை வெளியே நின்றபடியே சுற்றிப் பாருங்கள். பாய், பஞ்சு, துணிக் கட்டு எரிந்த இடமென்றால் விடியும் வரை நம்பாதீர்கள். எங்காவது மெல்லிய புகை நூல் போலக் கிளம்பினால், இப்போதுதானே வந்துவிட்டுப் போனார்கள் என்று கூச்சப்படாமல் திரும்பவும் 101-ஐ அழையுங்கள். வருவோம்.